கணினிக்கு வாசிப்புக் கற்பித்தல்

"யாழ் நூலை இயற்றியவர் யார்?" என்று ஒரு மாணவன் தன் கைத்தொலைபேசியிடம் கேட்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். இமைப்பொழுதில், "சுவாமி விபுலானந்தர்" என்று விடை வருகின்றது. விடை சரியானதே. காரைதீவிற் பிறந்த அப்பெரியார் பல்லாண்டு உழைத்து எழுதிய அந்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். ஆனால், இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. அந்தச் செய்தி அந்தப் பொறிக்கு எவ்வாறு தெரியவந்தது?

இதற்கு இரண்டு வழிகள் இருத்தல் கூடும். ஒன்று, அறிந்தவர் ஒருவர் அச்செய்தியை முன்னரே கணினியிற் பதிந்து வைத்திருத்தல். மற்றையது, கணினி தானே எங்கோ ஒரு பக்கத்தை வாசித்து அச்செய்தியைத் தெரிந்துகொள்ளுதல். முதலாவது வழி நமக்கு எளிதில் விளங்கும். கடைக்காரர் பேரேட்டிற் கணக்கு எழுதி வைப்பது போன்றது அது. இரண்டாவது வழியே வியப்புக்குரியது. சொல்லின் பொருள் அறியாத ஒரு பொறியை, உலகெங்கும் உள்ளோர் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான இணையப் பக்கங்களை வாசித்துச் செய்திகளைக் கற்றுக்கொள்ளுமாறு எவ்வாறு பழக்கினார்கள்? அப்பழக்கத்தில் எது எளிதாயிற்று? எது இன்றும் அரிதாகவே இருக்கின்றது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். தேடுதல் வேறு, அறிதல் வேறு. விபுலானந்தர் என்னும் பெயரைக் கொடுத்தால், அப்பெயர் வருகின்ற பக்கங்களையெல்லாம் கணினி எடுத்துத் தரும். நூல்நிலையச் சிற்றூழியர் ஒருவர் முதுகிலுள்ள பெயரைப் பார்த்து அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தருவதை இது ஒக்கும். புத்தகத்துள் என்ன எழுதியிருக்கின்றது என்பதை அவர் அறிய வேண்டியதில்லை. கணினி ஒரு செய்தியை அறிந்தது என்று நாம் சொல்ல வேண்டுமாயின், அது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூற்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். அக்கூற்றுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. யாரைப் பற்றியது என்பது ஒன்று. என்ன தொடர்பு என்பது ஒன்று. எதனோடு தொடர்பு என்பது ஒன்று. "விபுலானந்தர் – பிறந்த ஊர் – காரைதீவு." இவ்வாறு மூன்று கட்டங்களில் அடங்கிவிட்டால், அச்செய்தியைப் பிற செய்திகளோடு சேர்த்துப் பார்க்கவும், வினாவுக்கு விடையாகத் தரவும் கணினியால் இயலும்.

இக்கட்டங்களைக் கையாலேயே நிரப்பிவிடலாம் என்று துணிந்தவர்களும் இருந்தார்கள். 1984ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், டக்ளஸ் லெனட் என்னும் அறிஞர் 'சைக்' என்ற பெயரில் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினார். மனிதர் எவருக்கும் தெரிந்த பொதுவறிவைக் கணினிக்கு ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதே அவர் நோக்கம். மழையில் நின்றால் நனைவோம். தாய் மகளினும் வயதில் மூத்தவள். ஒரே பொருள் ஒரே வேளையில் ஈரிடத்தில் இருத்தல் இயலாது. இத்தகைய செய்திகளை எவரும் நூலில் எழுதி வைப்பதில்லை. ஆதலின் கையாலே எழுதித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. ஆண்டுகள் பத்து, இருபது, முப்பது எனச் சென்றன. எழுத எழுத எழுத வேண்டியவை பெருகினவேயன்றிக் குறையவில்லை. கடலைக் கைச்சிரட்டையால் இறைக்கும் தொழில் அது. எனினும், அவர் சொன்ன காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடத்துப் பின்னர் மீண்டும் வருவோம்.

மற்றோர் அறிஞர் குழு வேறு விதமாக எண்ணியது. மனிதர் ஏற்கெனவே எழுதி வைத்தவை மலைபோல் இருக்கின்றனவே; அவற்றைக் கணினியே வாசித்தால் என்ன? இவ்வழியில் முதலில் நினைக்கத்தக்கவர், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த மாட்டி ஹேர்ஸ்ட் என்னும் பெண்மணி. 1992ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் கருத்து மிக எளியது. ஒரு சொல்லின் பொருளை அறியாமலே, அது எவ்வகைப் பொருளைக் குறிக்கும் என்பதை வாக்கியத்தின் அமைப்பிலிருந்து அறியலாம் என்றார் அவர்.

நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். "கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விளாட்டு போன்ற மாங்கனிகள் சந்தைக்கு வந்தன" என்பது ஒரு வாக்கியம். யாழ்ப்பாணத்து மாம்பழத்தை ஒருநாளும் சுவைத்திராத ஒருவர் இதனை வாசித்தாலும், அம்பலவி என்பது ஒருவகை மாங்கனி என்று ஐயமின்றி அறிந்துகொள்வார். அவருக்கு அதனைக் காட்டிக்கொடுத்தது 'போன்ற' என்னும் சொல். கணினிக்கும் இதனையே கற்பிக்கலாம்: 'போன்ற' என்பதன் முன்னே நிற்பவை எடுத்துக்காட்டுகள்; பின்னே நிற்பது இனப்பெயர். ஆங்கிலத்தில் 'சச் அஸ்' என்னும் தொடரைக்கொண்டு ஹேர்ஸ்ட் இதனைச் செய்தார். அங்கே இனப்பெயர் முன்னும் எடுத்துக்காட்டுப் பின்னுமாக வரும் என்பது ஒன்றே வேற்றுமை. இத்தகைய தொடரமைப்பை வாய்பாடு என்று நாம் அழைப்போம்.

ஆனால், நேயர்களே, இவ்வாய்பாட்டைத் தமிழுக்கு இட்டுப் பாருங்கள். "முத்துப் போன்ற பற்கள்" என்று ஒருவர் எழுதுகின்றார். "மலர் போன்ற முகம்" என்று மற்றொருவர் எழுதுகின்றார். கணினி என்ன கற்கும்? முத்து என்பது ஒருவகைப் பல். மலர் என்பது ஒருவகை முகம்! 'போன்ற' என்னும் ஒரே சொல் நமக்கு எடுத்துக்காட்டையும் காட்டும், உவமையையும் காட்டும். எது எது என்பதை நாம் எண்ணிப் பாராமலே அறிகின்றோம். பல்லையும் முத்தையும் கண்டிருக்கின்றோம் அல்லவா? கணினி இரண்டையும் கண்டதில்லை. சொற்களை மட்டுமே கண்டிருக்கின்றது.

இனி, வாய்பாட்டை மனிதரே தேடிக் கொடுக்க வேண்டுமா என்னும் வினா எழுந்தது. 1998ஆம் ஆண்டில், பின்னர் கூகிள் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவராகிய சேர்ஜி பிரின் இதற்கு ஒரு விடை கண்டார். அவர் கணினிக்கு ஐந்து நூல்களின் பெயர்களையும் அவற்றின் ஆசிரியர் பெயர்களையும் மட்டுமே கொடுத்தார். கணினி இணையத்திலே அவ்வைந்து இணைகள் எங்கெங்கு வருகின்றன என்று தேடியது. நூலின் பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடையே என்ன சொற்கள் நிற்கின்றன என்று பார்த்தது. அவற்றை வாய்பாடாக எடுத்துக்கொண்டது. அவ்வாய்பாட்டைக்கொண்டு புதிய நூல்களையும் புதிய ஆசிரியர்களையும் கண்டது. அப்புதியவற்றைக்கொண்டு மேலும் புதிய வாய்பாடுகளைக் கண்டது. இப்படியே சுற்றிச் சுற்றிச் சென்று, ஐந்தில் தொடங்கியது 15,000 நூல்களுக்கு மேல் அறிந்துகொண்டது. ஒரு பிடி விதையை இட்டு, விளைந்ததை மீண்டும் விதைத்து, வயல் முழுவதையும் நிரப்பும் வேளாண்மை போன்றது இது. ஆராய்ச்சியாளரும் அத்தொடக்க எடுத்துக்காட்டுகளை 'விதை' என்றே அழைக்கின்றனர்.

விதையோடு களையும் விளையும். பிரினின் பட்டியலில் இடையிலே 242 நூல்களுக்கு ஒரே ஆசிரியர் பெயர் தோன்றியது. அப்பேராசிரியரின் பெயர் 'முடிவுரை'! ஏதோ ஒரு வகைப் பக்கங்களில், ஆசிரியர் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் முடிவுரை என்னும் சொல் நின்றிருக்கின்றது. கணினிக்கு அதனால் ஒரு வேறுபாடும் தோன்றவில்லை. பிரின் கையால் அவற்றை நீக்கினார். நீக்காது விட்டிருந்தால், முடிவுரை என்பவர் எழுதிய நூல்களைக்கொண்டு மேலும் பிழையான வாய்பாடுகள் பிறந்திருக்கும். அவற்றிலிருந்து மேலும் பிழைகள். தான் கற்றதைக்கொண்டே மேலும் கற்கும் எந்தப் பொறிக்கும் இந்த இடர் உண்டு. முதற்பிழை சிறியது, ஆனால் அது வட்டிக்கு வட்டியாய் வளரும்.

இவ்விடரைத் தடுக்க முயன்ற முயற்சிகளுள் புகழ்பெற்றது, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ரொம் மிற்செல் தலைமையிலே 2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கப்பட்டது. 'முடிவின்றி மொழி கற்கும் பொறி' என்னும் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நெல்' என்று ஒலிக்கும். நம் வயல்களில் விளையும் நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும், இவ்வானொலிப் பேச்சை ஒரு கணினி வாசிக்குமாயின், பிற்ஸ்பேர்க்கில் நெல் விளைகின்றது என்று அது எழுதி வைத்துக்கொள்ளவும் கூடும்.

இரவு பகலாய் ஓய்வின்றி இயங்குமாறு அமைந்த இப்பொறிக்குத் தொடக்கத்தில் 123 இனங்களும் 55 தொடர்புகளும் கொடுக்கப்பட்டன. நகரம், விளையாட்டு வீரர், விளையாட்டுக் குழு, நிறுவனம் முதலியவை இனங்கள். இன்னார் இன்ன குழுவுக்காக ஆடுகின்றார் என்பது போன்றவை தொடர்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 வரையான விதைகள். வாசிப்பதற்கோ ஏறத்தாழ 50 கோடி இணையப் பக்கங்கள்.

பிழை பெருகாமல் இருக்க அவர்கள் கையாண்ட உபாயமே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வாசிப்பை அவர்கள் ஒருவரிடம் விடவில்லை, நால்வரிடம் பகிர்ந்தார்கள். ஒரு பகுதி, வாக்கியங்களிலுள்ள வாய்பாடுகளைப் பார்க்கும். இன்னொரு பகுதி, பக்கங்களிலுள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்க்கும். கொழும்பும் கண்டியும் காலியும் ஒரு பட்டியலில் இருந்தால், அதே பட்டியலிலுள்ள மாத்தறையும் நகரமாகத்தான் இருக்கும் என்று கருதும். மூன்றாவது பகுதி, சொல்லின் உருவத்தைப் பார்க்கும். 'புரம்' என்றும் 'ஊர்' என்றும் முடிவன பெரும்பாலும் இடப்பெயர்கள் என்று நாம் உய்த்துணர்வதைப் போல. நான்காவது பகுதி, ஏற்கெனவே கற்றவற்றிலிருந்து அனுமானம் செய்யும். ஒருவர் ஒரு குழுவுக்காக ஆடுகின்றார், அக்குழு ஆடுவது கிரிக்கெட், ஆகவே அவரும் கிரிக்கெட் ஆடுபவர். ஒருவர் சொல்லை மற்றவர் சரிபார்ப்பர். அதற்கு மேலாகச் சில தடைகளும் விதிக்கப்பட்டன. நகரமாக இருப்பது மனிதராக இருத்தல் ஆகாது. குழுவுக்காக ஆடுபவர் என்னும் இடத்தில் மனிதர் பெயரே வரவேண்டும். பண்டத்தின் பெயர் வருதல் ஆகாது. முரண்படும் கூற்றை அப்பொறி ஏற்காது நிறுத்தி வைக்கும்.

பயன் என்ன? 67 நாட்கள் இயங்கியபின், அப்பொறி 242,000 கூற்றுகளைக் கற்றிருந்தது. அவற்றுள் நூற்றுக்கு 74 சரியானவை என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். ஆனால் அக்காலத்தை மூன்று கூறாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. முதற்கூற்றில் கற்றவற்றுள் நூற்றுக்கு 90 சரி. இரண்டாம் கூற்றில் 71. மூன்றாம் கூற்றில் 57. எளிதில் அறியத்தக்கவற்றை முதலிலே கற்றுவிட்டது, அரியவை எஞ்சின, முன்னைய பிழைகளும் உடன் சேர்ந்தன. கற்கக் கற்கப் பிழை குறையும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே கற்கக் கற்கப் பிழை கூடியது.

அவற்றுள் ஒரு பிழை பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. ஆங்கிலத்தில் 'குக்கி' என்பது அடுப்பிற் சுட்ட இனிப்புப் பணியாரம். அதே சொல், இணையத்தளங்கள் நம் கணினியில் விட்டுச் செல்லும் சிறு குறிப்புக் கோப்புக்கும் பெயராகிவிட்டது. நெல் என்னும் அப்பொறி, இணையக் குக்கியையும் சுட்ட பணியாரங்களின் பட்டியலிற் சேர்த்துவிட்டது. பின்னர், "என் இணையக் குக்கிகளை அழித்தேன்" என்றும் "என் கோப்புகளை அழித்தேன்" என்றும் மனிதர் எழுதியிருக்கக் கண்டு, கோப்புகளும் பணியாரமே என்று எண்ணத் தலைப்பட்டது. ஒவ்வொரு படியும் முறையானதே. தொடங்கிய இடம் மட்டுமே பிழை.

நம் எடுத்துக்காட்டாகிய யாழ் நூலையே அத்தகைய பொறியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? யாழ் என்பது பழந்தமிழர் இசைக்கருவி. அதனை ஆராய்ந்த நூல் அது. ஆனால் நம் செய்தித்தாள்களில் 'யாழ்' என்பது யாழ்ப்பாணத்தின் சுருக்கம். 'நூல்' என்பதற்கோ தையல் நூல் என்றும் பொருளுண்டு. ஆகவே, யாழ் நூல் என்பது யாழ்ப்பாணத்தில் நெய்தலுக்குப் பயன்படும் ஒரு பொருள் என்று அப்பொறி முடிவு செய்தால், அதனைக் குறைகூற இடமில்லை.

ஆறு திங்களின் பின்னர் பிற்ஸ்பேர்க் ஆராய்ச்சியாளர், இடையிடையே கையால் திருத்தம் செய்யத் தொடங்கினர். பின்னர் இணையத்தின் வழியே பிறரும் பிழை சுட்டினர். 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அப்பொறி 12 கோடிக் கூற்றுகளைச் சேர்த்திருந்ததாகக் கூறுகின்றது. அக்கூற்றுகளை 'உண்மைகள்' என்று அவர்கள் அழைக்கவில்லை. 'நம்பிக்கைகள்' என்றே அழைத்தனர். ஒவ்வொன்றோடும், இதனை எவ்வளவு நம்பலாம் என்னும் அளவும், எங்கிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்பும் இருந்தன. நேயர்களே, இதுவே இம்முயற்சியின் சாரம் என்று நான் கருதுகின்றேன். வாசிப்பதற்குக் கற்பிக்கப் புகுந்தவர்கள், இறுதியில் எதனை எவ்வளவு நம்புவது என்பதையே கற்பிக்க வேண்டியவரானார்கள்.

நம்புதல் ஏன் இவ்வளவு அரிது? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, சான்றுகளின் எண்ணிக்கை. பல பக்கங்கள் ஒன்றையே சொன்னால் அது உண்மையாயிருக்கும் என்று கொள்வது இயல்பு. ஒருவர் பொய் சொல்லலாம். நூறுபேர் ஒரே பொய்யைச் சொல்வார்களா? ஊரிலே சொல்லமாட்டார்கள்; இணையத்திலே சொல்வார்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்து எழுத, ஒரு பக்கம் ஆயிரம் பக்கமாகின்றது. ஆயிரம் பக்கங்கள் இருப்பினும் சாட்சி ஒருவரே. இதனை வழக்காடுமன்றத்தில் நீதிபதி அறிவார். கணினிக்கு அதனைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கின்றது.

இரண்டாவது, காலம். "இலங்கையின் பிரதம மந்திரி டீ. எஸ். சேனநாயக்க" என்னும் வாக்கியம் பிழையானதா? 1947 முதல் 1952 வரை அது உண்மை. நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன் என்பது 1972 வரை உண்மை. பாராளுமன்றம் கொழும்புக் கடற்கரையில் இருந்தது என்பது, அது 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேக்கு மாறும் வரை உண்மை. பழைய பக்கங்கள் தம் காலத்தைச் சொல்லாமலே இணையத்தில் நிற்கின்றன. வாசிக்கும் பொறி, "இது எப்போது எழுதப்பட்டது?" என்று கேளாவிடின், இறந்தவரை ஆட்சியில் அமர்த்திவிடும்.

மூன்றாவது காரணம், லெனட் சொன்னதோடு தொடர்புடையது. மனிதர், எவருக்கும் தெரிந்ததை எழுதுவதில்லை; புதுமையானதையே எழுதுகின்றனர். 2013ஆம் ஆண்டில் கோர்டன், வான் டேர்ம் என்னும் இரண்டு ஆய்வாளர்கள், பெருந்தொகையான ஆங்கில எழுத்துகளில் எச்செயல் எத்தனை முறை சொல்லப்படுகின்றது என்று எண்ணிப் பார்த்தனர். மனிதர் மூச்சு விட்டதாகவும் கண் இமைத்ததாகவும் எழுதப்பட்டிருப்பதைவிடக் கொலை செய்ததாக எழுதப்பட்டிருப்பது மிகுதி எனக் கண்டனர். எழுத்தை மட்டும் வாசித்து மனித வாழ்க்கையை அறியும் பொறி ஒன்று, மனிதர் மூச்சு விடுவதிலும் கொலை செய்வதே அதிகம் என்று எண்ணினால், அது எழுத்தைப் பிழையாக வாசித்ததாகாது. எழுத்து, உலகின் நேர்ப்படம் அன்று என்பதை அது அறியவில்லை; அவ்வளவே.

அண்மைக் காலத்தில் இத்துறை பெரிதும் மாறிவிட்டது. கட்டங்களை நிரப்பும் முறையின் இடத்தை, 2018ஆம் ஆண்டளவிலிருந்து பெரும் மொழி மாதிரிகள் பிடித்துக்கொண்டன. இவற்றுக்கு இனங்களையோ தொடர்புகளையோ எவரும் கொடுப்பதில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, அது என்ன என்று ஊகிக்கச் சொல்வர். அல்லது, அடுத்து வரும் சொல் எது என்று கேட்பர். ஊகம் தவறினால், பொறியினுள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிதளவு திருத்துவர். நம் பள்ளிக்கூடங்களில் கீறிட்ட இடம் நிரப்பும் பயிற்சி உண்டல்லவா? அப்பயிற்சியைக் கணக்கில்லாத முறை செய்விப்பதே இம்முறை. இதிலே ஒரு புதுமை விளைந்தது. "தாந்தே பிறந்த ஊர் –" என்று நிறுத்தினால், அடுத்த சொல் புளோரன்ஸ் என்று ஊகிப்பதற்கு அச்செய்தியை எவ்வாறேனும் உள்ளே வைத்திருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தவர்கள், எவரும் செய்தியாகக் கற்பிக்காத பல செய்திகளை அம்மாதிரிகள் அறிந்திருக்கக் கண்டனர்.

இம்முறையின் சிறப்பு, சூழலை நோக்குதல். முன்னும் பின்னும் வரும் சொற்களைப் பார்த்து, இங்கே யாழ் என்பது இசைக்கருவி, அங்கே யாழ் என்பது நகரம் என்று பிரித்தறிவதில் இவை பழைய பொறிகளைவிட மிகவும் மேம்பட்டவை. ஆனால் ஒன்றை இழந்தோம். நெல் என்னும் பொறியிடம் ஒரு கூற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பக்கத்தைக் காட்டும். மொழி மாதிரியிலோ, வாசித்தவை யாவும் எண்களாய்க் கரைந்துவிட்டன. எச்செய்தி எப்பக்கத்தில் இருந்தது என்பதற்கு உள்ளே குறிப்பு இல்லை. கரைத்த உப்பு எந்த உப்பளத்தது என்று கடலை நோக்கிக் கேட்பதைப் போன்றது அது. அறியாததைக் கேட்டபோதும் அடுத்த சொல்லை ஊகித்தல் அதன் இயல்பாதலால், இல்லாத நூலையும் இல்லாத ஆண்டையும் தட்டுத்தடங்கலின்றிச் சொல்லிவிடும். இக்குறையை நீக்கவே, 2020ஆம் ஆண்டு தொடக்கம், வினா எழும்போதே உரிய பக்கங்களைத் தேடி எடுத்து, அவற்றை முன்வைத்து விடை கூறச் செய்யும் முறைகள் பெருகின. தேடித் தந்த பக்கத்தையும் இவை விடையோடு காட்டக்கூடும். சிற்றூழியர் மீண்டும் அழைக்கப்பட்டார் என்று சொல்லலாம்.

இவையெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் செய்தி. நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு இதில் நேரான பங்கு உண்டு. கணினி வாசித்ததையே அறியும், எழுதப்பட்டதையே வாசிக்கும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு நூறு பக்கங்கள் இருந்தால், ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தக்கூடும். தமிழில் ஒரு செய்திக்கு இரண்டு பக்கங்களே இருந்து, அவற்றுள் ஒன்று பிழையாயின், நால்வரை வைத்துச் சரிபார்த்தாலும் பயனில்லை. பார்ப்பதற்கு வேறு பக்கம் இல்லை. சோளகம் பெயரும் நாளைக் கடலின் நிறத்தைக்கொண்டு சொல்லும் முதியவரின் அறிவு எந்தப் பக்கத்திலும் இல்லையாயின், அது இப்பொறிகளுக்கு இல்லாத அறிவே.

எழுதப்பட்டவையும் நம்மிடத்தில் முழுமையாய் நிலைத்திருக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது, பிறிதோரிடத்தும் படியில்லாத ஏடுகள் பல அழிந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் பணியில், 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து எவரும் படிக்குமாறு வைத்து வருகின்றது. ஆனால் படம் கண்ணுக்கு எழுத்து; கணினிக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். அப்புள்ளிகளை எழுத்தாக மாற்றுதல் வேண்டும்; மாற்றியபின் மனிதர் ஒருவர் ஒப்புநோக்குதல் வேண்டும். பழைய அச்சிலே தேய்ந்துபோன ஒரு குற்று, மெய்யை உயிர்மெய்யாக்கி, ஓர் ஊரை வேறோர் ஊராக்கிவிடும்.

இன்னும் ஓர் இடர் வருகின்றது. மொழி மாதிரிகள் எழுதியவை இப்போது இணையத்தில் ஏறுகின்றன. நாளை வரும் மாதிரிகள் அவற்றையும் வாசிக்கும். 2024ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, தம் இனம் எழுதியதையே மீண்டும் மீண்டும் வாசித்துக் கற்கும் மாதிரிகள் படிப்படியாகச் சீர்கெடுகின்றன என்றும், அரிதாக வரும் செய்திகளே அவற்றில் முதலிலே மறைகின்றன என்றும் காட்டியது. உலகத்து எழுத்துகளின் நடுவே, சிற்றூர்களும் சிறிய மொழிவழக்குகளும் அரிதாக வரும் செய்திகளே. முடிவுரை என்பவர் நூலாசிரியரான கதை, இனி நூறுமடங்காகத் திரும்பி வரக்கூடும். அதனைக் கையால் நீக்குவதற்கு அவ்வூரை அறிந்த ஒருவர் வேண்டும்.

ஆகவே, நேயர்களே, நாம் செய்யத்தக்கவை இரண்டு. கைத்தொலைபேசி ஒரு விடை தந்தால், பிள்ளைகளை இரண்டு வினாக் கேட்கப் பழக்குவோம்: இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அப்பக்கம் எப்போது எழுதப்பட்டது? அடுத்து, நம் ஊரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் நாம் திட்டமாய் அறிந்தவற்றை, யாரிடம் கேட்டோம், எந்த ஆண்டில் கேட்டோம் என்னும் குறிப்போடு, தெளிவான தமிழில் எழுதி வைப்போம். கோயில் மலரிலோ பாடசாலைச் சஞ்சிகையிலோ எழுதினாலும் நன்றே. அது எழுத்தாக இணையத்திலும் ஏறுமாயின் மிகவும் நன்று.

யாழ் நூலை இயற்றியவர் யார் என்று கேட்ட மாணவனுக்குச் சரியான விடை கிடைத்தது. யாரோ ஒருவர் அதனைச் சரியாக எழுதி வைத்திருந்தார், அதனால் கிடைத்தது. அவன் ஒருமுறை நூல்நிலையத்துக்குச் சென்று, அந்நூலைக் கையிலெடுத்து முகப்பைப் பார்த்துவிட்டு வருவானாயின், கணினியால் இன்னும் செய்ய இயலாத ஒன்றை அவன் செய்தவனாவான்.